மேடையில கைதட்டு, கோர்ட்டுல கைவிலங்கு

போன ஞாயித்துக்கிழமை நியூஜெர்சில நம்ம நூலக ஹால்ல நடந்த விழாவுல, ஹிப் ஹாப் இசையையும் அரசியல்வாதிங்களையும் பத்தி நான் பேசினது. வர முடியாதவங்க எழுத்துல கேட்டாங்க, பேசின மாதிரியே குடுத்திருக்கேன்.

எல்லாருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை தாங்கற மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஒரு மாசமா வேலை முடிஞ்சு வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணி இந்த நிகழ்ச்சிய நடத்திக் காட்டிருக்கற செயலாளர் தம்பி அவர்களே, இந்த வயசுலயும் படியேறி வந்து எனக்கு பொன்னாடை போத்தின பெரியவர் ஐயா அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, சம்பளம் இல்லாம சனிக்கிழமை காலை தூக்கத்த விட்டு பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்கற உங்களுக்கு என்னோட தனி வணக்கம். நம்ம டவுன்ஷிப் கவுன்சில் உறுப்பினர் அம்மா அவங்களும் வந்திருக்காங்க, ஒரு வார்த்த தமிழ் தெரியாம ரெண்டு மணி நேரமா முன் வரிசையில உக்காந்திருக்காங்க, பக்கத்துல ஒரு தங்கச்சி காதுல மொழிபெயர்த்து சொல்லிட்டே இருக்கு, அந்த ரெண்டு பேருக்கும் ஒரு கைதட்டு குடுங்க. ஹால இலவசமா குடுத்த நூலக இயக்குநருக்கு நன்றி. ஆரம்பத்துல பறை அடிச்ச பிள்ளைங்க போய்ட்டாங்களா? இருக்கீங்களா? சரி, இருங்க, உங்களுக்கும் சேத்துதான் பேசப் போறேன்.

எனக்குக் குடுத்த தலைப்பு ஹிப் ஹாப்பும் அரசியல்வாதிகளும். இன ஏற்றத்தாழ்வப் பத்தி பேச அரசியல்வாதிங்க அந்த இசைய எப்படி எடுத்துக்கறாங்கங்கறது. நாலு விஷயம் சொல்றதா இருக்கேன். ஒண்ணு, அந்த இசை எந்த வயித்தெரிச்சல்ல பொறந்துச்சு. ரெண்டு, ஓட்டு கேக்கறவங்க அத என்ன பண்ணாங்க. மூணு, குயின் லத்தீஃபா மாதிரி நம்ம நியூஜெர்சிப் பொண்ணுங்க அதுல என்ன சாதிச்சாங்க. நாலு, பிரேசில், பிரான்ஸ், இங்கிலாந்துல என்ன நடக்குது.

எங்க அப்பத்தா ஒரு பழமொழி சொல்லும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். சிவகங்கைப் பக்கம் எங்க கிராமத்துல ரேஷன் கடைக்குப் போனாலும் தாலுகா ஆபீஸ் போனாலும் இதச் சொல்லிட்டுத்தான் கிளம்பும். இன்னைக்கு நான் என்ன பேசினாலும் சுத்திச் சுத்தி அங்கதான் வருவேன்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் பிராங்ஸ்ல செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் நம்பர் கட்டடம். சிண்டி கேம்பல்னு ஒரு பொண்ணு, ஸ்கூல் தொறக்கப் போகுது, புதுத் துணி வாங்கக் காசு வேணும்னு கட்டடத்துக்குக் கீழ இருந்த ரூம்ல ஒரு பார்ட்டி வைக்குது, பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். பாட்டு போட்டது அதோட அண்ணன், ஜமைக்காவுல பொறந்த பதினெட்டு வயசு பையன், கூல் ஹெர்க். ஒரு பாட்டுல டிரம்ஸ் மட்டும் தனியா வர்ற சின்னத் துண்டு இருக்கும் பாருங்க, ஆடறவங்களுக்கு அதுதான் பிடிக்குதுன்னு கண்டுபிடிச்சு அதையே இழுத்து நீட்டி ஓட்டினாரு. ஹிப் ஹாப் பொறந்த கதைன்னு இதத்தான் சொல்றாங்க. ஆனா வெளிய என்ன நிலைமை? நடு பிராங்ஸ்ல எக்ஸ்பிரஸ்வே போடறேன்னு ஆயிரக்கணக்கான குடும்பத்த ஏற்கனவே கெளப்பி விட்டாச்சு, இன்ஷூரன்ஸ் காசுக்காக ஓனருங்களே கட்டடத்துக்குத் தீ வெக்க ஆள் புடிக்கறாங்க, அந்த சமயத்துலயே காசில்லன்னு சொல்லி நகராட்சி ஃபயர் ஸ்டேஷன மூடுது. வீடு எரியறப்ப பிள்ளை அழுவுது. அந்த அழுகைக்குத் தாளம் கெடச்சதுதான் ராப், ஹிப் ஹாப்ல தாளத்துக்குப் பேசற மாதிரி பாடற பாட்டு.

அரசியல்வாதிங்க முதல்ல அந்த அழுகையக் கேட்டு காதப் பொத்தினாங்க. அப்புறம் அத வெச்சு ஓட்டு வாங்கக் கத்துக்கிட்டாங்க.

1992ஐ எடுத்துக்குங்க. ரோட்னி கிங்னு ஒரு கறுப்பினத்தவர போலீஸ் அடிச்ச வீடியோவ உலகமே பாத்துச்சு, ஆனா ஏப்ரல் 29 அன்னைக்கு ஜூரி, அதாவது கோர்ட்ல தீர்ப்பு சொல்ற பொதுஜனக் குழு, ஒரு அதிகாரியக் கூட குற்றவாளின்னு சொல்லல. லாஸ் ஏஞ்சலீஸ் பத்தி எரிஞ்சுது, 60 பேருக்கு மேல செத்தாங்க. அந்தக் கோவத்துல சிஸ்டர் சோல்ஜான்னு ஒரு ராப் பாடகி, கறுப்பினத்தவங்கள தினமும் கறுப்பினத்தவங்களே கொல்றாங்களே, ஒரு வாரம் வெள்ளைக்காரங்களக் கொன்னா என்னங்கற மாதிரி பத்திரிகையில பேசிட்டாங்க. தப்பான பேச்சுதான், நான் அதுக்கு வக்காலத்து வாங்க வரல. ஆனா ஜூன் 13 அன்னைக்கு, அப்ப பிரசிடெண்ட் பதவிக்கு நின்ன பில் கிளின்டன், கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனோட ரெயின்போ கோலிஷன் அமைப்பு மேடைக்கே வந்து, ஜாக்சன பக்கத்துல வெச்சுக்கிட்டே அந்தப் பொண்ண ஒரு வெள்ளை இனவெறித் தலைவனோட ஒப்பிட்டுப் பேசினாரு. வெள்ளைக்கார ஓட்டருங்களுக்கு சேதி போய்ச் சேந்துச்சு. இன்னைக்கும் அமெரிக்க அரசியல்ல தன் பக்கத்து ஆள ஒருத்தர் வேணும்னே மேடையில உதறிக் காட்டினா அதுக்கு அந்தப் பொண்ணு பேர்தான். ஜெயிச்சு வந்து 1994ல குற்றத் தடுப்புச் சட்டம்னு கையெழுத்து போட்டாரு, மூணாவது தடவ பெரிய குற்றத்துல மாட்டினா ஆயுள் தண்டனை, ஜெயில் கட்ட காசு. பிள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டறதும்பாங்களே, இதுல தொட்டில கூட ஆட்டல.

ஒபாமா வந்தாரு. 2008 ஏப்ரல்ல வட கரோலினா மேடையில, டிபேட்ல தன் மேல பூசின சேத்தப் பத்தி பேசிட்டு, ராப் பாடகர் ஜே-சி பாட்டுல வர்ற மாதிரி தோள்பட்டையில தூசி தட்டிக் காட்டினாரு. ஒரு வார்த்த சொல்லல. ஹால்ல இருந்த பசங்க அப்படிக் கத்தினாங்க, ஏன்னா தன் மொழியில பேசற ஒருத்தர் பிரசிடெண்ட் ஆகப் போறாருன்னு அவங்களுக்கு அந்த ரெண்டு செகண்ட்ல தெரிஞ்சு போச்சு. எனக்கு அவர் மேல மரியாதை தூசி தட்டினதுக்காக இல்ல, 2010 சட்டத்துக்காக. 1986லேருந்து என்ன சட்டம் தெரியுமா? கோக்கெய்ன் பவுடர் 500 கிராம் வெச்சிருந்தா கட்டாயம் அஞ்சு வருஷம், அதே சரக்க சமைச்சு கட்டியாக்கின கிராக்னா 5 கிராமுக்கே அஞ்சு வருஷம். நூத்துக்கு ஒண்ணு. கிராக் கேஸ்ல உள்ள போனவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பினத்தவங்க. 2010ல அத பதினெட்டுக்கு ஒண்ணாக் குறைச்சாங்க. ஒண்ணுக்கு ஒண்ணு ஆகல, பதினெட்டு. அழுத பிள்ளைக்கு பால் வந்துச்சு, பாலாடையில வந்துச்சு.

2016 ஏப்ரல்ல அவர் ராப் பாடகருங்கள வெள்ளை மாளிகைக்கே கூப்ட்டு ஜெயில் சீர்திருத்தம், கறுப்பினப் பசங்களோட எதிர்காலம்னு பேசினாரு. அப்ப விருந்தாளியா வந்திருந்த ரிக் ராஸ் கால்ல கோர்ட் உத்தரவுல மாட்டின கண்காணிப்புக் கருவி பீப் அடிச்சுதுன்னு பத்திரிகையில வந்துச்சு. நிறைய பேர் அதப் படிச்சு சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல. நாட்டோட முதல் வீட்டுக்குள்ள போறப்ப கூட கால்ல கோர்ட்டு இருக்குது.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். நியூவார்க். இங்க இருக்கற பாதிப் பேருக்கு நியூவார்க்னா ஏர்போர்ட்டு. ஊர்லேருந்து அம்மா அப்பா வந்தா கூப்ட போவோம், முறுக்கு டின்னோட திரும்பி வந்துருவோம், ஊருக்குள்ள போக மாட்டோம், "அந்த ஏரியா சரியில்ல" ன்னு பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வெச்சிருக்கோம். 1967 ஜூலையில அந்த ஊர்ல ஒரு கறுப்பின டாக்சி டிரைவர போலீஸ் அடிச்சதுல மூண்ட கலவரத்துல 26 பேர் செத்தாங்க. அப்ப அமிரி பராகான்னு ஒரு கவிஞர, லெராய் ஜோன்ஸ்ங்கற பேர்ல இருந்தாரு, போலீஸ் மண்டைய உடைச்சு, கார்ல துப்பாக்கி இருந்துச்சுன்னு கேஸ் போட்டாங்க. தீர்ப்பு சொல்ற அன்னைக்கு ஜட்ஜ் என்ன பண்ணாரு? அவர் எழுதின ஒரு கவிதைய கோர்ட்ல சத்தமாப் படிச்சாரு. படிச்சுட்டு ரெண்டரை வருஷத்துலேருந்து மூணு வருஷம் ஜெயில்னு தண்டனை குடுத்தாரு. அப்பீல்ல அந்தத் தீர்ப்பு நிக்கல. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு நியூஜெர்சி கோர்ட்ல, கவிதை சாட்சிக் கூண்டுல ஏறி நிக்குது.

அந்தக் கவிஞரோட மகன்தான் ராஸ் பராகா. 2014லேருந்து நியூவார்க் மேயர். அதுக்கு முன்னாடி ஸ்கூல் வாத்தியார், பிரின்சிபால். பக்கத்து சவுத் ஆரஞ்ச்ல வளந்த பாடகி லாரின் ஹில் 1998ல போட்ட ஆல்பம், கிராமி இசை விருதுல வருஷத்தோட சிறந்த ஆல்பம்னு ஜெயிச்ச முதல் ஹிப் ஹாப் ஆல்பம், அதுல பாட்டுக்கு நடுநடுவுல ஒரு கிளாஸ்ரூம் வரும், வாத்தியார் பசங்ககிட்ட காதல்னா என்னன்னு கேப்பாரு, அந்தக் குரல் இவரோடதுதான். வீட்ல இருந்தா இன்னைக்கே போட்டுக் கேளுங்க. மேயரா இவர் என்ன பண்ணாருன்னு கேட்டா, குழாய மாத்தினாரு. நியூவார்க்ல பழைய ஈயக் குழாய்லேருந்து குடிதண்ணியில ஈயம் கலந்து வந்துச்சு, பிள்ளைங்க மூளைய பாதிக்கற விஷம். ஆரம்பத்துல நகராட்சி சரியா ஒத்துக்கலன்னு பெரிய சண்ட, கேஸ், அதையும் சொல்லணும். ஆனா 2019லேருந்து மூணு வருஷத்துக்குள்ள 23,000 குழாய்க்கு மேல தோண்டி எடுத்து செம்புக் குழாய் போட்டாங்க, வீட்டுக்காரங்ககிட்ட ஒரு காசு வாங்கல. ஸ்கூல் வாத்தியாருங்களும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் கேஸ் போட்டு, ஜனங்க கத்தினதால நடந்துச்சு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அழுத ஊருதான் நல்ல தண்ணி குடிக்கும்.

இனி நான் சொல்லப் போறது என் வீட்டுக் கதை. எங்க வீட்டம்மா இங்கதான் உக்காந்திருக்காங்க, அவங்க அனுமதியோடதான் சொல்றேன்.

எங்க பையன் அப்ப பத்தாங்கிளாஸ். கறுப்பு வெள்ளையில பளிங்கு மாதிரி அட்டை போட்ட நோட்டு வரும்ல, அது ஒண்ணு எப்பவும் பையில இருக்கும். என்னடான்னு கேட்டா ஒண்ணுமில்லப்பாம்பான். அவனுக்கு ஒரு கூட்டாளி, கறுப்பினப் பையன், கிண்டர்கார்டன்லேருந்து ஒண்ணாப் படிக்கறவன், எங்க வீட்ல உக்காந்து தோசைக்கு மொளகாப்பொடி கேட்டு வாங்கி சாப்புடுவான். ரெண்டு பேரும் சேந்து அந்த நோட்டுல ராப் எழுதிருக்காங்க. ஒரு வரி இவன், ஒரு வரி அவன். இவன் நீல மை, அவன் கறுப்பு மை. ஒருநாள் நோட்ட கிளாஸ்ல மறந்து வெச்சுட்டு வந்துட்டான். மறுநாள் காலைல பதினோரு மணிக்கு எனக்கு ஸ்கூல்லேருந்து ஃபோன், உடனே வாங்கன்னு.

நானும் வீட்டம்மாவும் போறோம். உள்ள துணை பிரின்சிபால், கவுன்சிலர், மூலையில யூனிஃபார்ம்ல ஒரு போலீஸ்காரர். மேசை மேல அந்த நோட்டு, மஞ்சள் சீட்டு ஒட்டி ஒட்டி வெச்சிருக்காங்க. துணை பிரின்சிபால் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா படிக்கறாரு. இந்த ஸ்கூல் கூரை எரியும், மணி அடிக்கறதுக்குள்ள எரியும்னு ஒரு வரி. என் வாயே துப்பாக்கி, ஒரு ரவுண்ட் சுட்டா ஊரே படுத்துக்கும்னு ஒரு வரி. அவர் படிக்கறப்ப எனக்கே கை நடுங்குது. தாளத்த உருவிட்டு வார்த்தைய மட்டும் படிச்சா எந்தப் பாட்டும் வாக்குமூலம் மாதிரிதான் கேக்கும்ங்க. எங்க வீட்டம்மாதான் கேட்டாங்க, கூரை எரியுங்கற வரி நீல மையில இருக்கா கறுப்பு மையில இருக்கான்னு. நீலம். எங்க பையன் எழுதினது.

அப்ப கதவு தொறக்குது, அந்தப் பையனோட பாட்டி வர்றாங்க. ஆஸ்பத்திரில நைட் டூட்டி முடிச்சுட்டு அந்த உடுப்போடயே நேரா வந்திருக்காங்க, கழுத்துல பேட்ஜ் தொங்குது. எங்களுக்கு நாற்காலி போட்டாங்க, அவங்களுக்கு யாரும் போடல, எங்க வீட்டம்மா எந்திரிச்சு தன் நாற்காலியக் குடுத்தாங்க. முக்கால் மணி நேரம் பேசினாங்க. முடிவு என்ன தெரியுமா? எங்க பையனுக்கு வார்னிங், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, நல்லாப் படிக்கற பையன், பாத்துக்குங்க. அந்தப் பையனுக்கு பத்து நாள் சஸ்பென்ஷன். ஒரே நோட்டு. ஒண்ணுவிட்டு ஒரு வரி. கூரைய எரிச்சது நீல மை, தண்டனை கறுப்பு மைக்கு.

நான் அந்த ரூம்ல எந்திரிச்சு கேட்டிருக்கணும். கேக்கல. பையன் தப்பிச்சா போதும்னு கார்ல ஏறி வந்துட்டேன். வழியில என் பையன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "அப்பா, அவன் வரிய விட என் வரி மோசம்தானே?" ன்னு. நான் பதில் சொல்லல. ஆறு வருஷமாச்சு, அந்தக் கேள்விக்குத்தான் இன்னமும் ஊர் ஊராப் போய் பதில் சொல்லிட்டு இருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம எங்க அப்பத்தா ஞாபகம் வந்துச்சு. எங்க தாத்தா செத்தப்ப, வாய்க்கா ஓரத்து நிலத்த ஏமாத்தி எழுதி வாங்கின ஒரு பெரிய மனுசனப் பத்தி அப்பத்தா ஒப்பாரில வெச்சுப் பாடுச்சு, உன் மச்சு வீடு இடிய, உன் அடுப்புல பூனை தூங்க, உன் வம்சத்துல விளக்கேத்த ஆளில்லாமப் போகன்னு. அந்த ஆள் எழவுக்கு வந்து அங்கயேதான் நிக்கறாரு, கையில மாலையோட, தலையக் குனிஞ்சுக்கிட்டு. யாராச்சும் அப்பத்தா மேல கொலை மிரட்டல்னு கேஸ் போட்டாங்களா? ஒப்பாரி ஒப்பாரின்னு ஊருக்குத் தெரியும். பறை அடிச்ச பிள்ளைங்களே, உங்க கையில இருக்கற தோலும் ஒரு காலத்துல கேவலம்னு ஒதுக்கினதுதான், இன்னைக்கு நியூஜெர்சில விழாவ அதுதான் தொடங்கி வைக்குது.

இத விட்டுட்டுப் போக முடியல, தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். நம்ம மாநிலத்துலயே ஒரு கேஸ். துப்பாக்கிச் சூடு கேஸ்ல பிடிபட்ட ஒருத்தர் ஓட்டின கார்ல அவர் ராப் எழுதின நோட்டுங்க கெடச்சுது. கோர்ட்ல ஜூரிக்கு முன்னாடி ஒரு போலீஸ் அதிகாரி 13 பக்கம் படிச்சாரு. அதுல பலதும் சம்பவத்துக்கு ரொம்ப முன்னாடி எழுதினது. 2014 ஆகஸ்ட்ல நியூஜெர்சி சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க எல்லாரும் ஒரே குரல்ல அது செல்லாதுன்னு சொன்னாங்க, பாட்டுக்கும் நடந்த குற்றத்துக்கும் நேரடியா பலமான தொடர்பு இருந்தா தவிர ஜூரிகிட்ட காட்டக் கூடாதுன்னு. ஷெரீஃப சுட்டேன்னு பாடின பாப் மார்லி நெஜமாவே ஷெரீஃப சுட்டாருன்னு யாராவது நம்புவமான்னு அந்தத் தீர்ப்பே கேக்குது. அமிரி பராகாவோட கவிதைய கோர்ட்ல படிச்ச அதே மாநிலம், நாப்பத்தாறு வருஷம் கழிச்சு.

ஆனா இது நம்ம மாநிலத்துல மட்டும். அட்லாண்டாவுல என்ன நடந்துச்சு? யங் தக்னு பெரிய ராப் பாடகர், 2022 மே மாசம் கேங் கேஸ்ல பிடிச்சு ஜாமீன் இல்லாம உள்ள வெச்சாங்க, குற்றப் பத்திரிகையிலயே பாட்டு வரிங்க. ஓட்டு வாங்கி ஜெயிச்ச அரசு வக்கீல், அவங்களும் கறுப்பினப் பெண்தான், தாளம் போட்டு பாட்டுல குற்றத்த ஒத்துக்கிட்டா நான் அத சாட்சியமா எடுத்துக்குவேன்னு பேட்டில சொன்னாங்க. 2023 நவம்பர்ல சில வரிங்கள சாட்சியமா கொண்டு வரலாம்னு ஜட்ஜும் நிபந்தனையோட அனுமதிச்சாரு. 2024 ஜூலை 30, அதே அட்லாண்டாவுல கமலா ஹாரிஸோட பெரிய தேர்தல் கூட்டம், ராப் பாடகி மேகன் தீ ஸ்டாலியன் ஆடிப் பாடறாங்க, ராப் பாடகர் குவேவோ பேசறாரு, ஆயிரக்கணக்குல கூட்டம் குதிக்குது. அன்னைக்கு யங் தக் ஜெயில்ல. கடைசில அக்டோபர்ல சில குற்றங்கள ஒத்துக்கிட்டு வெளிய வந்தாரு, அவர் நிரபராதின்னு நான் சொல்லல, ஆதாரம் இருந்தா ஆதாரத்தக் கொண்டாங்க. மேடையில ஓட்டுக்கு உதவற பாட்டு, கோர்ட்ல அதே ஜனங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுதேங்கறதுதான் என் வேதனை.

துண்டுச் சீட்டு வந்துருச்சு, அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு. தலைவர் ஐயா, மன்னிக்கணும், குயின் லத்தீஃபாவும் பிரேசிலும் இன்னொரு நாளைக்கு. இத மட்டும் முடிச்சிடறேன்.

வாஷிங்டன்ல 2022ல, அப்ப பிரதிநிதிகள் சபை உறுப்பினருங்களா இருந்த ஹேங்க் ஜான்சனும் ஜமால் போமனும் ஒரு மசோதா கொண்டு வந்தாங்க. கலைஞரோட படைப்ப அவருக்கு எதிரா ஃபெடரல் கோர்ட்ல சாட்சியமாக்கணும்னா, அவர் அத நெஜமான அர்த்தத்துலதான் சொன்னாருன்னு அரசு தரப்பு முதல்ல நிரூபிக்கணும்னு. அதே வருஷம் கலிஃபோர்னியா தன் மாநிலத்துக்கு இதே நோக்கத்துல ஒரு சட்டம் போட்டுருச்சு. வாஷிங்டன் மசோதா இன்னும் சட்டமாகல. புரூக்ளின்காரர் ஹக்கீம் ஜெஃப்ரீஸ், அந்தச் சபையில டெமாக்ரட்டிக் கட்சித் தலைவர், 2020ல டிரம்ப் மேல செனட்ல பதவி நீக்க விசாரணை நடந்தப்ப, நாம எதுக்கு இங்க இருக்கோம்னு எதிர்த் தரப்பு வக்கீல் கேட்டதுக்கு விளக்கம் சொல்லி, புரூக்ளின் ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. பாட்டு வரியிலயே முடிச்சாரு, தெரியலன்னா இப்ப தெரிஞ்சுக்கங்கன்னு. நாடே கைதட்டுச்சு, நானும் தட்டினேன். அந்த வரிய எழுதின தெருவுல இன்னைக்கு எழுதிட்டு இருக்கற பசங்களுக்கு இந்த மசோதா வேணும் ஐயா. ரெண்டு கட்சிக்காரங்களுக்கும்தான் சொல்றேன்.

நம்ம ஆளுங்க எனக்கென்னன்னு கேப்பீங்க. 1965ல கறுப்பின மக்கள் அடி வாங்கி ஓட்டுரிமைச் சட்டத்த வாங்கின அதே வருஷம்தான் குடியேற்றச் சட்டமும் மாறுச்சு, நாட்டுக்கு நாடு வெச்சிருந்த கோட்டா போச்சு, நம்ம அப்பா சித்தப்பாவெல்லாம் விமானம் ஏறினது அந்தக் கதவு தொறந்ததாலதான். அவங்க அழுதாங்க, பால் நமக்கும் கெடச்சுது.

வாசல்கிட்ட நீலத் துணி விரிச்ச மேசை இருக்கு, நம்ம தொகுதி பிரதிநிதிக்கு இந்த மசோதாவ ஆதரிக்கச் சொல்லி லெட்டர் வெச்சிருக்கோம். சிட்டிசன் ஆகாதவங்களும் போடலாம், தொகுதியில குடியிருந்தா போதும். விலாசத்த மட்டும் தெளிவா எழுதுங்க. மேசையில நிக்கறது என் பையனும் அவன் கூட்டாளியும். முதல் தாள்ல முதல் கையெழுத்து அந்தப் பாட்டியோடது, ரெண்டாவது எங்க வீட்டம்மா. அதுக்குக் கீழ நிறைய இடம் இருக்கு. நன்றி, வணக்கம்.